உந்தமும் ஆற்றலும்: மோதல் இயற்பியலின் தமிழ்ச்சொற்கள் இரு நாடுகளில் பிரிந்த வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

இரண்டு பொருள்கள் மோதும்போது உந்தம் மாறாதிருக்கிறது. இயக்க ஆற்றல் சில மோதல்களில் மட்டுமே மாறாதிருக்கிறது. இவ்வேறுபாட்டைச் சொல்லால் பிரித்தறிய ஐரோப்பிய மொழிகளுக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. தமிழ் இக்கருத்துகளைத் தெளிந்த நிலையிலேயே பெற்றது. எனினும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஒரே சொற்கள் வெவ்வேறு கருத்துகளுக்கு ஒதுக்கப்பட்டமையால், ஒரு நாட்டின் வரையறை மற்றொரு நாட்டில் பிழையாகிவிடுகிறது. அப்பிழைகளின் இயல்பையும் அவை தோன்றிய வரலாற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உந்தம், ஆற்றல், நிறை, திணிவு, கலைச்சொல்லாக்கம், சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி

முன்னுரை

சென்னை மாகாணத்தில் ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி அளிப்பதற்கென 1856 இல் அரசு தொடங்கிய பள்ளி, 19 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சைதாப்பேட்டைக்கு இடம்பெயர்ந்து ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. மாகாணத்தின் பல மாவட்டங்களிலிருந்து பட்டதாரிகள் இங்கு வந்து பயின்று உயர்நிலைப் பள்ளிகளுக்குத் திரும்பினர். தமிழர், தெலுங்கர், மலையாளிகள், கன்னடர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்த அவ்வகுப்பறையின் பொதுமொழி ஆங்கிலமாகவே இருக்க முடிந்தது. இயற்பியல் கற்பிக்கும் முறையையும் அவர்கள் ஆங்கிலத்திலேயே கற்றனர்.

1938 அளவில் மாகாணத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, 'மொமென்டம்' என்றும் 'எனர்ஜி' என்றும் கற்ற ஆசிரியர் அவற்றைத் தமிழில் சொல்லவேண்டிய நிலை ஏற்பட்டது. கலைச்சொல்லாக்க வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் வடமொழியா தனித்தமிழா என்ற வழக்கையே முதன்மைப்படுத்தியுள்ளனர். அவ்வழக்கு முக்கியமானதே. ஆனால் வகுப்பறையில் மாணவரின் கணக்கைப் பிழையாக்குவது சொல்லின் பிறப்பன்று. ஒரு சொல் எக்கருத்தைச் சுட்டுகிறது என்பதில் ஒருமை இல்லாமையே. இதனைச் சோதிக்க மோதல் என்னும் பாடம் ஏற்றது. விசை, வேகம், நிறை, உந்தம், ஆற்றல் என்னும் ஐந்து சொற்களும் அதில் ஒருங்கே வருகின்றன. அவற்றில் ஒன்று வழுவினாலும் கணக்கு தவறிவிடும்.

ஒரு மோதலும் இரு கணக்குகளும்

இப்பகுதியில் தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கே பின்பற்றப்படுகிறது. 2 கிலோகிராம் நிறையுள்ள ஓர் உருளை நொடிக்கு 6 மீட்டர் திசைவேகத்தில் சென்று, ஓய்விலிருக்கும் 1 கிலோகிராம் உருளையின்மேல் மோதுகிறது எனக் கொள்வோம். உந்தம் என்பது நிறை, திசைவேகம் இரண்டின் பெருக்கம். எனவே மோதலுக்குமுன் மொத்த உந்தம் 12 அலகு. இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியைத் திசைவேகத்தின் இருமடியால் பெருக்கிப் பெறுவது. அது 36 ஜூல்.

இரண்டும் ஒட்டிக்கொண்டால் 3 கிலோகிராம் பொருளாக நொடிக்கு 4 மீட்டர் செல்லும். உந்தம் அதே 12. ஆற்றலோ 24 ஜூல் மட்டுமே. எஞ்சிய 12 ஜூல் வெப்பமாகவும் ஒலியாகவும் உருக்குலைவாகவும் மாறியிருக்கும். மாறாக, இரண்டும் முழு மீட்சியுடன் மோதி விலகினால் முதல் உருளை நொடிக்கு 2 மீட்டரும் இரண்டாவது 8 மீட்டரும் செல்லும். இங்கு உந்தம் 4 உம் 8 உம் கூடி 12. ஆற்றல் 4 உம் 32 உம் கூடி 36. முன்னதை மீட்சியற்ற மோதல் என்றும் பின்னதை மீட்சி மோதல் என்றும் வழங்குவர்.

இரு நேர்வுகளிலும் உந்தம் மாறாமல் நிற்பதன் காரணம் எளியது. மோதும் நேரத்தில் இரு பொருள்களும் ஒன்றின்மீது ஒன்று சமமும் எதிருமான விசையை ஒரே கால அளவுக்குச் செலுத்துகின்றன. ஒன்று இழந்த உந்தத்தையே மற்றது பெறுகிறது. ஆற்றலுக்கு இத்தகைய சமன்பாடு இல்லை. விசை எவ்வளவு தொலைவுக்குச் செயற்பட்டது என்பதைப் பொறுத்தே ஆற்றல் அமையும். மோதும் பொருள்கள் நசுங்கும்போது அத்தொலைவுகள் சமமாவதில்லை. காலத்தால் பெருக்கினால் உந்தம், தொலைவால் பெருக்கினால் ஆற்றல் என்னும் இந்த ஒரு வேறுபாட்டைத்தான் சொற்கள் காத்தாக வேண்டும்.

உந்தத்துக்குத் திசை உண்டு என்பதும் காக்கப்படவேண்டியதே. 1 கிலோகிராம் நிறையுள்ள இரு பொருள்கள் எதிரெதிராக நொடிக்கு 5 மீட்டர் வீதம் வந்து ஒட்டி நின்றுவிட்டால், திசையைக் கருதும்போது உந்தம் முன்னும் சுழி, பின்னும் சுழி. திசையைக் கருதாவிடில் முன்பு 10, பின்பு சுழி. அழிவின்மை விதி அங்கேயே உடைந்துவிடும்.

ஐரோப்பியச் சொற்குழப்பம்

இப்பிழையைச் செய்தவர் சிறியவர் அல்லர். 1644 இல் வெளிவந்த தம் மெய்யியல் நூலில் தெகார்த், உலகில் இயக்கத்தின் மொத்த அளவு மாறாதது என்றார். அவ்வளவைப் பொருளின் பருமையையும் வேகத்தையும் பெருக்கிக் கணித்தார், திசையைச் சேர்க்கவில்லை. அதனால் மோதலுக்கு அவர் வகுத்த ஏழு விதிகளில் பெரும்பாலானவை பிழைபட்டன. 1668 இல் இலண்டன் அரச கழகம் இச்சிக்கலை எழுப்பியபோது வாலிஸ், ரென், ஹைகன்ஸ் மூவரும் விடை அனுப்பினர். வாலிஸ் மீட்சியற்ற மோதலையும், மற்ற இருவரும் மீட்சி மோதலையும் விளக்கினர். திசைக்குக் குறி சேர்த்ததும் உந்தம் மாறாமல் நின்றது. மீட்சி மோதலில் நிறையையும் வேகத்தின் இருமடியையும் பெருக்கிய அளவும் மாறவில்லை என ஹைகன்ஸ் கண்டார்.

1686 இல் லைப்னிட்சு, உண்மையான 'விசை' இந்த இரண்டாவது அளவே என்று தெகார்த்தைப் பின்பற்றுவோரோடு வழக்காடத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட இலத்தீன் பெயரின் பொருள் 'உயிருள்ள விசை' என்பதாகும். 1722 இல் ஹாலந்தின் ஸ்கிராவசாண்டே, உலோகக் குண்டுகளை மென்களிமண்ணில் விழச்செய்து, பள்ளத்தின் அளவு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதைக் காட்டினார். பிரெஞ்சு அறிஞர் எமிலி து ஷாத்லே 1740 இல் வெளியிட்ட இயற்பியல் நூலில் லைப்னிட்சு பக்கம் நின்றார். இருதரப்பும் தத்தம் அளவில் சரியே. ஒன்று உந்தத்தையும் மற்றொன்று ஆற்றலையும் பேசிக்கொண்டிருந்தன. இரண்டையும் 'விசை' என்ற ஒரே சொல்லால் அழைத்ததே வழக்கு நீண்டமைக்கு ஒரு காரணம்.

'எனர்ஜி' என்ற சொல்லை இப்பொருளில் தாமஸ் யங் 1807 இல் வெளியான சொற்பொழிவுகளில் ஆண்டார். அது உடனே நிலைபெறவில்லை. ஆற்றல் அழிவின்மை பற்றி ஹெல்ம்ஹோல்ட்சு 1847 இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலேயே விசையைக் குறிக்கும் செருமானியச் சொல்தான் உள்ளது. நிலை ஆற்றலுக்கான ஆங்கிலப் பெயரை இராங்கின் 1853 இல் ஆக்கினார். சென்னை அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைத் திறப்பதற்கு அது மூன்றாண்டுகளே முந்தியது. ஆங்கிலம் இக்கலைச்சொற்களை நெடுங்காலமாகத் தெளிவாக வைத்திருந்தது, தமிழ்தான் தடுமாறியது என்ற எண்ணம் வரலாற்றோடு பொருந்தாது.

விசை என்னும் பழஞ்சொல்

இலத்தீனில் நேர்ந்த அதே ஒருமைமயக்கம் தமிழ் 'விசை'யிலும் உறைந்துள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இச்சொல்லுக்குத் தரும் பொருள்களில் வேகமும், தாக்கும் வலிமையும், மீள்துள்ளும் தன்மையும், பொறியும் அடங்கும். மோதலின்போது நிகழும் அனைத்தையும் ஒரு சொல் சுமந்திருந்தது எனலாம். (இலத்தீன் சொல்லோடு அதற்குள்ள ஒலி ஒப்புமை தற்செயலானது, அதனைக்கொண்டு உறவு கற்பிக்க இடமில்லை.) இருபதாம் நூற்றாண்டுக் கலைச்சொல்லாக்கம் விசையிலிருந்து வேகத்தைப் பிரித்தது, மீள்துள்ளலை 'மீட்சி' என்றும் 'மீள்தன்மை' என்றும் பிரித்தது, தள்ளுதலை மட்டும் விசைக்கு விட்டுவைத்தது. புதிய சொல்லை ஆக்குவதைவிடப் பழைய சொல்லைச் சுருக்குவது அரிய பணி என்பதற்கு இது சான்று.

'உந்தம்' இவ்வகையில் நற்பேறு பெற்ற சொல். உந்து என்னும் வினையடி பழமையானது. ஆனால் உந்தம் என்ற வடிவம் அன்றாட வழக்கில் வேறு பொருளில் ஊன்றவில்லை. அதனால் அது கருத்தைத் தூயதாகத் தாங்கிற்று. இரு நாட்டுத் தமிழிலும் அதுவே ஒரே பொருளில் வழங்குகிறது.

சேலம், சென்னை, கொழும்பு

1916 ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருமுறை வருகிறது. அவ்வாண்டில் சேலத்தில் சி. இராசகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் தமிழ் அறிவியற் சொற்களுக்கென ஒரு சங்கம் நிறுவி இதழும் நடத்தினர். அவ்விதழின் மொழி ஆங்கிலம் என்பது குறிப்பிடத்தக்கது. தனித்தமிழ் இயக்கத்துக்கு மறைமலையடிகள் வித்திட்டதும் அதே ஆண்டில்தான். அடையாற்றைக் கடக்கச் சைதாப்பேட்டையில் 1726 இல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் கட்டிய பாலத்தின் இடத்தில் இன்றுள்ள பாலம் மறைமலையடிகள் பெயரையே தாங்கியுள்ளது. ஆங்கிலத்தில் பயிற்றிய ஆசிரியர் கல்லூரியும் தனித்தமிழ் முதல்வரின் பெயர் பூண்ட பாலமும் ஒரே ஊரில் அமைந்தது தற்செயலே. ஆயினும் கலைச்சொல் வழக்கின் இரு முனைகளும் அங்கு அருகருகே நிற்கின்றன.

1934 இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் சொல்லாக்கப் பணியை ஏற்றது. 1936 இல் சென்னையில் அது கூட்டிய மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் சுவாமி விபுலாநந்தர். மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் பிறந்து, அறிவியல் பட்டம் பெற்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராயிருந்த அவர் இருகரைக்கும் உரியவர். அம்முயற்சியின் பயனாக 1938 இல் 'கலைச்சொற்கள்' தொகுதி வெளிவந்தது. தாய்மொழிவழிக் கல்வியும் அக்காலத்தில்தான் வந்தது. அப்போது மாகாண முதலமைச்சராயிருந்தவர் சேலத்துச் சங்கத்தை நிறுவிய அதே இராசகோபாலாச்சாரியார்.

1940 இல் அரசு சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. மாகாண மொழிகள் அனைத்துக்கும் பொதுச்சொற்கள் வேண்டும் என்ற நோக்கு வடமொழிச் சார்புக்கு வழிவகுத்தது. தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தனர். இதனை வெறும் மொழிப்பூசலாகக் கருதுவது பொருந்தாது. சைதாப்பேட்டை வகுப்பறைபோல் நான்கு மொழியினர் கூடும் இடத்தை மனத்தில் வைத்தால் குழுவின் நோக்கு விளங்கும். ஒரு தமிழ்ச் சிற்றூர்ப் பள்ளியை மனத்தில் வைத்தால் எதிர்ப்பாளர் நோக்கு விளங்கும். விடுதலைக்குப்பின் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது பொதுச்சொல்லின் தேவை வலுவிழந்தது. பௌதிகம் இயற்பியலாயிற்று, சக்தி ஆற்றலாயிற்று. பாடநூலுக்கு வெளியே அணுசக்தியும் மின்சக்தியும் இன்றும் நிலைத்துள்ளன.

கொழும்பில் நிகழ்ந்தது வேறு. 1950களிலும் 1960களிலும் இலங்கையில் தாய்மொழிவழிக் கல்வி மேல்வகுப்புகளுக்கு விரிந்தபோது, அரச அமைப்புகளே சிங்களத்துக்கும் தமிழுக்கும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டன. அவை இலங்கைப் பாடநூல்களிலும் தேர்வுத்தாள்களிலும் நிலைபெற்றன; தேர்வுத்தாளில் ஏறிய சொல்லை மாற்றுவது எளிதன்று. விபுலாநந்தர் 1947 இல் மறைந்திருந்தார். சென்னை மாநாட்டில் ஒன்றாயிருந்த இரு கரைகளும் அதன்பின் தனித்தனியே சொல்லாக்கின.

ஆய்வுலகிலிருந்து தமிழுக்குச் சொற்கள் வரவில்லை என்பதையும் இவ்விடத்தில் சுட்டவேண்டும். திருச்சிராப்பள்ளியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சி. வி. இராமன், 1918 இல் மிகக் குறைந்த வேகத்தில் நிகழும் மோதல்களை ஒளிப்படம் எடுத்து ஆராய்ந்து 'பிசிக்கல் ரெவ்யூ' இதழில் வெளியிட்டார். மோதும் வேகம் குறையக் குறைய மோதல் முழு மீட்சியை நெருங்குகிறது என்பது அதன் முடிபு. மோதலில் ஆற்றல் எங்கே போகிறது என்னும் வினா அவரை நெடுங்காலம் ஈர்த்தது. எக்சுக் கதிர் மின்னணுவோடு பந்துபோல் மோதி ஆற்றலும் உந்தமும் இழப்பதை 1923 இல் காம்ப்டன் காட்டினார். இராமனும் கே. எஸ். கிருட்டிணனும் 1928 இல் தம் கண்டுபிடிப்பை அறிவித்த குறிப்பு, காம்ப்டனின் முடிவிலிருந்தே தொடங்குகிறது. இவை யாவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. எனவே தமிழில் மோதல் இயற்பியலின் வரலாறு ஆய்வகத்தின் வரலாறாகவன்றிப் பள்ளியின் வரலாறாகவே அமைந்தது.

பிரிந்த சொற்களும் பிறழ்ந்த வரையறையும்

தமிழ்நாட்டுப் பாடநூல் 'மாஸ்' என்பதை நிறை என்றும், 'வெயிட்' என்பதை எடை என்றும் கூறும். இலங்கையில் முன்னது திணிவு, பின்னதே நிறை. தமிழ்நாட்டில் 'ஸ்பீட்' வேகம், 'வெலாசிட்டி' திசைவேகம். இலங்கையில் முன்னது கதி, பின்னதே வேகம். முடுக்கம் அங்கு ஆர்முடுகல்; நிலைமம் அங்கு சடத்துவம்; ஆற்றல் அங்கு சக்தி; திறன் அங்கு வலு. ஆர்முடுகல், சடத்துவம் போன்றவை அயலாருக்குப் புரியாமல் போகுமேயன்றித் தவறாகப் புரியா. இடர் தருபவை நிறையும் வேகமுமே. இரு நாட்டிலும் வழங்கும் இவ்விரண்டும் வெவ்வேறு கருத்தைச் சுட்டுகின்றன. உந்தத்தின் வரையறையில் இவை இரண்டுமே இடம்பெறுகின்றன என்பதே சிக்கலின் மையம்.

'உந்தம் என்பது திணிவு, வேகம் இரண்டின் பெருக்கம்' என்பது இலங்கை வரையறை. இதனைச் சைதாப்பேட்டையில் பயிற்சி பெறும் ஆசிரியர் ஒருவர் தம் வழக்கில் படித்தால், நிறையைத் திசையற்ற வேகத்தால் பெருக்குவதாகவே கொள்வார். அது தெகார்த் 1644 இல் செய்த பிழையேயாகும். எதிரெதிராக வந்து ஒட்டிய இரு பொருள்களின் கணக்கு அவருக்கு 10 என்று தொடங்கிச் சுழியில் முடியும். மறுபுறம், தமிழ்நாட்டு நூலொன்று பேச்சுநடையில் தளர்ந்து 'நிறை, வேகம் இரண்டின் பெருக்கம்' என்று எழுதிவிட்டால், யாழ்ப்பாணத்து மாணவர் 'வெயிட்' என்பதையே 'வெலாசிட்டி'யால் பெருக்குவார். முன் கூறிய 2 கிலோகிராம் உருளைக்கு அது ஏறத்தாழ 19.6 நியூட்டனை 6 ஆல் பெருக்கிய 118 அளவாகும். அவ்வளவின் அலகு வாட். அதாவது அவர் கண்டது உந்தமன்று, அவர் மொழியில் வலு, இவர் மொழியில் திறன்.

இயக்க ஆற்றலின் கணக்கில் முதல்வகைப் பிழை நேர்வதில்லை. வேகம் இருமடியாகும்போது திசை தானே மறைந்துவிடுவதால், வேகம் என்றாலும் திசைவேகம் என்றாலும் விடை ஒன்றே. ஆகவே இலங்கை நூலைப் படிக்கும் தமிழ்நாட்டு மாணவருக்கு ஆற்றல் சரியாகவும் உந்தம் தவறாகவும் வரும். இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ள இதைவிட ஏற்ற சூழல் அமைவது அரிது.

எந்நாட்டுத் தேர்வு சிறந்தது என்ற வினாவுக்கு ஒருதலையான விடை இல்லை. தொல்காப்பியம் அளவையும் நிறையையும் இணைத்துப் பேசும் காலம் முதல் நிறை என்பது நிறுத்துக் காண்பது. அவ்வகையில் அதனை 'வெயிட்' என்பதற்கு ஒதுக்கிய இலங்கை மரபுக்கு வழக்கின் துணை உண்டு. ஆனால் இரு தட்டுத் தராசு உண்மையில் ஒப்பிடுவது பொருண்மையின் அளவையே. அத்தராசு நிலவிலும் இதே விடையைத் தரும். எடுத்துத் தூக்கும்போது கை உணர்வதே புவியின் ஈர்ப்பு. நிறுப்பது நிறை, எடுப்பது எடை என்னும் தமிழ்நாட்டுப் பகுப்பு வினையடியிலேயே இயற்பியலைக் கொண்டுள்ளது. 'திணிவு' செறிவைச் சுட்டும் அடியிலிருந்து பிறந்தது. பொருளின் அளவை அடர்த்தியாலும் பருமனாலும் வரையறுத்த நியூட்டனின் 1687 ஆம் ஆண்டு நூலுக்கு அது நெருக்கமானது. வேகத்தைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுத் 'திசைவேகம்' தெளிவில் விஞ்சுகிறது. திசையைப் பெயரிலேயே பொறித்துவிட்ட சொல்லைக் கொண்டு தெகார்த்தின் பிழையைச் செய்ய இயலாது.

ஒரு பொது வரையறைக்கான வாய்ப்பு

இரு நாட்டுப் பாடநூல்களும் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியாவில் இருநாட்டினரும் எழுதுகின்றனர். தேடுபொறி நாட்டெல்லையைப் பார்த்துச் சொல்லை வடிகட்டுவதில்லை. ஒரு நாட்டின் தொகுதியை மற்றது முழுமையாக ஏற்கவேண்டும் என்ற பரிந்துரை பலமுறை எழுந்திருப்பினும், தேர்வுமுறையோடு பிணைந்த சொற்களை அவ்வாறு பெயர்த்தெடுக்க இயலாது.

எனினும் மோதல் பாடத்துக்கு மட்டுமேனும் ஒரு வழி உண்டு. 'திசைவேகம்' இலங்கைத் தொகுதியில் வேறெதையும் குறிப்பதில்லை. 'திணிவு' தமிழ்நாட்டுப் பாடநூலில் வேறெதற்கும் ஒதுக்கப்படவில்லை. ஆகவே உந்தம் என்பது திணிவு, திசைவேகம் இரண்டின் பெருக்கம் என எழுதினால், இரு நாட்டு மாணவருக்கும் ஒரு சொல் அயலாகத் தோன்றலாம். பிழையாக எவருக்கும் தோன்றாது. தமிழ்நாட்டு மாணவர் திணிவை அடர்த்தியெனக் கருதும் வாய்ப்பு சிறிது உண்டு. கிலோகிராம் என்னும் அலகை உடன் எழுதினால் அது நீங்கும். நிறை, வேகம் என்ற இரு சொற்களையும் உந்தத்தின் வரையறையில் மட்டும் தவிர்த்து, பாடத்தின் பிற பகுதிகளில் அவரவர் வழக்கையே பின்பற்றலாம். ஆசிரியர் பயிற்சியில் இதற்கு ஒரு பாடவேளை போதும்: எதிரெதிராக வந்து ஒட்டும் இரு பொருள்களின் கணக்கை, முதலில் திசையின்றியும் பின்னர் திசையோடும் கரும்பலகையில் செய்துகாட்டுவதே அப்பாடவேளையின் பணி.